பரிமாறுகிறவனின் இலக்கணம்

'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம் ஊர் மனிதர் ஒருவரின் மனக்கண்முன் தோன்றுவது கம்ப்யூட்டர் அன்று. தோளில் ஒரு துண்டும், ஒரே கையில் அடுக்கிய நாலைந்து டவரா டம்ளர்களுமாக, மேஜைகளுக்கிடையே வளைந்து நெளிந்து வருகிற ஓட்டல் சிப்பந்திதான் தோன்றுவார். 1964-இல் நாகேஷ் அந்த வேஷத்தில் நடித்த 'சர்வர் சுந்தரம்' வெளிவந்த பிறகு, அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளை இல்லையென்றாக்குவது யாராலும் ஆகாத காரியமாகிவிட்டது. உயர்தர சங்கீதக் கருவிகளை வீட்டில் அமைத்துக்கொள்ளும் ரசிகர்கள் இப்போது 'மியூசிக் சர்வர்' என்று ஒன்றைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்களே, அதைப் பற்றிச் சிந்திக்கப் புகுந்த எனக்கு, இந்த ஓட்டல் சர்வரைக் காட்டிலும் பொருத்தமான உவமானம் வேறு அகப்படவில்லை. காபியின் ருசி கொட்டையிலும், டிகாக்ஷனிலும், பாலிலும் இருக்கிறது. பரிமாறுகிறவரால் அதைக் கூட்டவும் இயலாது, அவர் குறைக்கவும் கூடாது. சிந்தாமல் கொண்டுவருவதும், விரலை உள்ளே விடாதிருப்பதும், காதருகே இரைச்சல் போடாதிருப்பதுமே அவரிடம் நாம் வேண்டுவது.

பொருள் இன்னதென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலுள்ள சிடிக்களையெல்லாம் ஒருமுறை கம்ப்யூட்டரில் இட்டு, அவற்றிலுள்ள இசையைக் கோப்புகளாக எடுத்து, ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ சேமித்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே செல்போனைத் தடவி, வேண்டிய பாட்டை வேண்டிய கணத்தில் வரவழைப்பதற்கென்றே, வேறு எந்த வேலையும் கொடுக்கப்படாமல் ஒதுக்கிவைக்கப்பட்ட கம்ப்யூட்டருக்குத்தான் மியூசிக் சர்வர் என்று பெயர். அது எடுத்துத் தரும் எண்களை மின்னலையாக மாற்றுவது, 'டாக்' என்று ரசிகர்கள் சுருக்கமாகச் சொல்லும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி. அந்த மின்னலையைப் பெருக்குவது ஆம்ப்ளிபையர். பெருகியதைக் காற்றின் அசைவாக்குவது ஸ்பீக்கர். காபியைப் போட்டவர் பதிவுக்கூடத்தில் இருந்தவர். அதைச் சுவைக்கும் நாக்கு டாக்கும் ஸ்பீக்கரும். இடையில் நடந்துவருகிறவர்தான் சர்வர்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. 2001-ஆம் ஆண்டிலேயே ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய அமெரிக்கக் கம்பெனி, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து இசையைக் கம்பி வழியே வாங்கி ஆம்ப்ளிபையருக்கு ஊட்டும் ஒரு பெட்டியை விற்கத் தொடங்கியது. கிராமபோன் தட்டைச் சுழற்றும் யந்திரங்களுக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி, 2007-இல் கிளைமாக்ஸ் டிஎஸ் என்ற விலையுயர்ந்த கருவியை வெளியிட்டு, இரண்டே ஆண்டுகளில், இனிமேல் சிடி பிளேயரே செய்யப்போவதில்லை என்றும் அறிவித்துவிட்டது. பழமையில் பற்றுள்ள ரசிகர்கள் 'கோப்பு' என்ற சொல்லைச் சற்று மரியாதையுடன் உச்சரிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

சர்வர் சுமந்துவரும் சரக்கு எத்தன்மையது என்பதை அறிந்துகொண்டால், அதைத் தேர்ந்தெடுப்பதில் பாதி மயக்கம் தெளிந்துவிடும். ஓர் அலையில் அடங்கிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட தடவை, வினாடிதோறும் அந்த அலையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டால், அந்த அளவுகளைக்கொண்டே மூல அலையை, படிக்கட்டுப் படிக்கட்டாக அன்று, வழவழப்பான அதே வளைவாகவே மீட்டுவிடலாம் என்பது, ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் கோடிகாட்ட, க்ளாட் ஷானன் 1949-இல் ஐயத்துக்கிடமின்றி நிரூபித்த தத்துவம். மனிதச் செவிக்கு எட்டும் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதுவும் வாலிபக் காதுகளுக்கே. ஆகவே வினாடிக்கு 40,000-க்குச் சற்று மேற்பட்ட மாதிரிகள் போதும். அந்தச் 'சற்று மேல்' 44,100 என்று முடிந்தது விஞ்ஞானத்தினால் அன்று, சௌகரியத்தினால்: ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் இசையை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள், ஒரு திரைக்கு 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள், வினாடிக்கு 60 திரைகள், பெருக்கிப் பார்த்தால் 44,100. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட்டுகளால் ஆனது, அதாவது 65,536 படிகளில் ஒன்று. இடம், வலம் என இரண்டு வழிகளுக்கும் சேர்த்து வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன.

பதினான்கு லட்சம் என்றதும் மலைக்கவேண்டாம். மிகச் சாதாரணமான 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பு இதைப்போல் எழுபது மடங்கைத் தாங்கும். ஒரு மணி நேர சங்கீதம் 635 மெகாபைட். அதை 'ஃப்ளாக்' என்ற முறையில் சுருக்கினால் ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிடும். ஜாஷ் கோல்ஸன் என்பவர் இயற்றி 2001-இல் உலகுக்கு இலவசமாக அளித்த இந்த ஃப்ளாக்கைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். சுருக்கினால் ஏதோ இழந்துவிடுமே என்பது அவர்கள் கவலை. எட்டு முழ வேஷ்டியை மடித்துப் பெட்டியில் வைத்தால் ஒரு சாணும் குறைந்துபோவதில்லை. விரித்தால் எட்டு முழமே. ஓரத்தைக் கத்தரித்துவிட்டு மடிப்பது எம்பி3-யின் வழக்கம். ஃப்ளாக் மடிப்பதோடு சரி. அது மட்டுமன்றி, மடிப்பதற்கு முன்பிருந்த சரக்கின் முத்திரையொன்றைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எப்பொழுது வேண்டுமானாலும் ஒரு பிட்டாவது பிசகியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் இடமளிக்கிறது. இந்த மடிப்பை விரிக்கும் வேலை, உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கம்ப்யூட்டருக்குக்கூட மூச்சு வாங்காத வேலை. ஆகையால் 'எங்கள் சர்வரில் இத்தனை கோர், இத்தனை கிகாஹெர்ட்ஸ்' என்று கடைக்காரர் அடுக்கும்பொழுது, நான்கு டம்ளர் தூக்குவதற்குப் பயில்வான் எதற்கு என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

எண்கள் பிசகாமல் வந்து சேர்ந்தால் மட்டும் போதுமா எனில், போதாது. பல்லவி பாடுகிற வித்வானுக்குச் சாகித்யம் ஓர் எழுத்துப் பிசகாமல் பாடமாயிருந்தும், காலப்பிரமாணம் தள்ளாடினால் கச்சேரி என்னவாகும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. டாக்கிலும் அப்படியே, ஒவ்வொரு எண்ணும் தனக்குரிய கணத்தில் மின்னழுத்தமாக மாறவேண்டும். அந்தக் கணம் முன்பின்னாகத் தள்ளாடுவதற்கு 'ஜிட்டர்' என்று பெயர். பழைய இணைப்பு முறையில், அதாவது சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்/பிடிஐஎப் கம்பியில், எண்களோடு தாளமும் சேர்ந்தே அனுப்பப்பட்டது. அனுப்புகிறவர் தடுமாறினால் டாக்கும் கூடவே தடுமாறவேண்டியதுதான். அந்நாளில் சர்வரின் கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

இக்காலத்து யூஎஸ்பி டாக்குகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. தாளம் போடும் பொறுப்பு டாக்குக்கே வந்துவிட்டது. அதன் வயிற்றுக்குள் 44,100-இன் 512 மடங்கான 2,25,79,200 அதிர்வுகளைத் தரும் ஒரு படிகமும், 48,000 என்னும் மற்றொரு மாதிரி வேகத்தின் குடும்பத்துக்கென்று வேறொரு படிகமும் இருக்கின்றன. யூஎஸ்பியின் அடிப்படை வேகத்தில் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு ஒரு பொட்டலம் செல்லும்; 44,100-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 44.1 வருகிறது, மாதிரியைப் பின்னமாக வெட்டமுடியாதாகையால், ஒன்பது பொட்டலங்களில் 44 மாதிரிகளும் பத்தாவதில் 45 மாதிரிகளுமாக சர்வர் கட்டி அனுப்புகிறது. டாக் தன்னிடமுள்ள சிறு கிடங்கில் சரக்கு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே, 'கொஞ்சம் கூட்டு', 'கொஞ்சம் குறை' என்று கம்பி வழியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க, சர்வர் அதற்கிணங்க ஒரு மாதிரியை முன்னே தள்ளுகிறது அல்லது நிறுத்திவைக்கிறது. தாளம் போடுகிறவர் டாக். பார்த்துப் பின்தொடர்கிறவர் சர்வர். இப்படிப்பட்ட ஏற்பாட்டில், யூஎஸ்பி வழியாக மட்டுமே இசையைத் தரும் சர்வருக்குள் விலைமதிப்பற்ற கடிகாரம் ஒன்றைப் பதித்து விற்பது, பின்பாட்டுக்காரருக்குத் தங்கத்தில் ஜாலரா செய்து கொடுப்பதைப் போன்றதுதான். 1998-இல் பெஞ்சமின், கேனன் என்ற இருவர் நடத்திய பரிசோதனையில், இசையைக் கேட்கும்பொழுது ஜிட்டர் 20 நானோவினாடி அளவுக்கு ஏறினால்தான் கேட்போர் அதைக் கண்டுகொள்ளத் தொடங்கினர். நல்ல டாக்குகள் இன்று பிகோவினாடிக் கணக்கில், அதாவது அதனினும் பல நூறு பங்கு கீழே நிற்கின்றன. யூஎஸ்பியில் ஒரு பொட்டலம் பழுதாகிவிட்டால் அது மறுபடி அனுப்பப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அப்பழுது 'பட்' என்ற ஒலியாகவோ ஒரு கண மௌனமாகவோ காதில் அறையுமேயன்றி, வீணையின் நாதம் சற்று மங்கிப்போனதாகக் கேட்காது.

அப்படியானால் ஒரு சர்வருக்கும் மற்றொன்றுக்கும் பேதமே கேட்பதில்லையா? கேட்பதுண்டு. அது எண்கள் வழியே வருவதன்று. எண்களோடு ஒட்டிக்கொண்டு வரும் மின்சார அழுக்கின் வழியே வருவது. என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். தனி சர்வர் வாங்குமுன், பழைய லேப்டாப் ஒன்றை டாக்குடன் யூஎஸ்பி கம்பியால் இணைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், தெருவும் வீடும் அடங்கிய வேளையில், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள மௌனத்தில், ஸ்பீக்கரிலிருந்து வண்டு முரல்வதுபோல் ஒரு ரீங்காரம் எழுவது தெரிந்தது. சிநேகிதர் ஒருவர், இது கம்பியின் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லி, வெள்ளி கலந்த யூஎஸ்பி கம்பி ஒன்றைச் சிபாரிசு செய்தார். அதன் விலையில் ஒரு நல்ல தம்பூரா வாங்கியிருக்கலாம். எதற்கும் பார்ப்போமென்று லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ரீங்காரம் அக்கணமே நின்றது. மீண்டும் செருகினேன், மீண்டும் வந்தது.

இரண்டு பின் சார்ஜரில் போட்ட லேப்டாப்பின் உலோக உடம்பைப் புறங்கையால் தடவிப் பார்த்தவர்கள், எறும்பு ஊர்வதுபோன்ற ஒரு குறுகுறுப்பை அனுபவித்திருப்பார்கள். என் ஸ்பீக்கரில் முரன்ற வண்டும் அந்த எறும்பும் ஒரே ஜாதிதான். எஸ்.எம்.பி.எஸ். வகைச் சார்ஜருக்குள், வெளியே இரைச்சல் பரவாதிருக்கும் பொருட்டு, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே சிறு கப்பாசிட்டர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் வழியே மிகச் சொற்பமான கரண்ட் கசிகிறது. உயிருக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கசிவு யூஎஸ்பி கம்பியின் உறையைப் பற்றிக்கொண்டு டாக்குக்கும், அங்கிருந்து ஆம்ப்ளிபையருக்கும் சென்று எர்த்தைத் தேடும்பொழுது, போகிற வழியெல்லாம் 50 ஹெர்ட்ஸின் முழக்கத்தையும் அதன் மடங்குகளையும் விதைத்துக்கொண்டு போகிறது. நான் செய்த பரிகாரம் எளியது. 1983-இல் தோஷிபா கம்பெனி கொண்டுவந்த டாஸ்லிங்க் என்னும் ஒளி இழையால் லேப்டாப்பையும் டாக்கையும் இணைத்தேன். ஒளி செல்லும் பாதையில் கசிவுக்கு வழியேது? ரீங்காரம் ஒழிந்தது, தம்பூரா விலையும் மிஞ்சியது. டாஸ்லிங்க் பழைய முறையைச் சேர்ந்ததாகையால் மேலே சொன்ன ஜிட்டர் பேச்சு அதற்கு முழுதும் பொருந்தும்; ஆயினும் சுமாரான டாக்கும் வந்த தாளத்தைத் தன்னளவில் வடிகட்டிக்கொள்ளும் திறனுடையதாக இருக்கும் இக்காலத்தில், எனக்கு அதனால் ஒரு குறையும் தென்படவில்லை.

மின்சார மௌனத்தைப் போலவே யந்திர மௌனமும் வேண்டும். பேன் சுழலும் கம்ப்யூட்டரைக் கேட்கும் அறையில் வைப்பவர், மெல்லிய ஆலாபனையை ரசிக்கும் பாக்கியத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 120 தடவை சுழல்கிறது; அதை மரத்தட்டின்மீது வைத்தால், பாடகர் கேட்காமலே ஒரு சுருதிப்பெட்டி பக்கவாத்தியமாக வந்து உட்கார்ந்துவிடும். பேன் இல்லாமல், உடம்பு முழுவதும் அலுமினியத் தகடுகளால் வெப்பத்தை வெளியேற்றும் பெட்டிகள் நல்லவை. ஆனால் அவை குளிர்ப்பிரதேசத்து அறைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவையாகவும் இருக்கக்கூடும். அக்கினி நட்சத்திரத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் அவை சோர்ந்துபோவதைக் குற்றமென்று சொல்லமுடியாது.

இவ்விரு மௌனங்களையும் ஒருசேரப் பெறுவதற்கு நான் கண்ட உத்தமமான வழி, சர்வரையே அறையை விட்டு வெளியேற்றிவிடுவதுதான். கோப்புகளும் ஹார்ட் டிஸ்க்குகளும் பேனும் அடங்கிய பெரிய கம்ப்யூட்டரை, சத்தம் போட்டாலும் யாரும் கேட்காத உள்ளறையிலோ பரண்மீதோ வைத்துவிட்டு, டாக்கின் பக்கத்தில் ராஸ்பெரி பை போன்ற சின்னஞ்சிறு பெட்டி ஒன்றை மட்டும் வைத்து, இரண்டையும் ஈதர்நெட் கம்பியால் சேர்த்துவிடவேண்டும். ஈதர்நெட் செருகியின் உள்ளே இரு புறமும் சின்ன டிரான்ஸ்பார்மர்கள் இருக்கின்றன. அவை 1,500 வோல்ட்டைத் தாங்கிப் பிரித்துவைக்கும்படி அமைக்கப்பட்டவை. உள்ளறைக் கம்ப்யூட்டரின் மின்சாரக் குழப்பம் எதுவும் எளிதில் தாண்டிவராது. உலோக உறை போட்ட கம்பியை வாங்கி அந்தப் பிரிவினையைக் கெடுத்துக்கொள்ளாமல், உறையற்ற சாதாரணக் கேட்-6 கம்பியையே வாங்கலாம். ராஸ்பெரி பையிலும் ஒரு சிறு எச்சரிக்கை: மூன்றாம் தலைமுறை வரையில் அதன் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன, 2019-இல் வந்த நான்காவதிலிருந்துதான் தனித்தனிப் பாதைகள்.

சரக்கை வழியில் மாற்றிவிடும் சர்வர்களும் உண்டு. விண்டோஸ் போன்ற பொதுப்படையான அமைப்புகள், மின்னஞ்சல் வந்தால் அடிக்கும் மணியையும் உங்கள் காம்போதியையும் ஒரே குழாயில் அனுப்பவேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு, பெரும்பாலும் 48,000-க்கு, மாற்றிக் கலந்துவிடுகின்றன. சங்கீதத்துக்கென்று இயற்றப்பட்ட மென்பொருள்கள் இந்தக் கலப்பறையைத் தாண்டி நேரே டாக்கிடம் செல்லும் ஏற்பாட்டை உடையவை. உங்களுடையது நேரே செல்கிறதா என்று அறிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். சிடியிலிருந்து எடுத்த பாட்டைப் போட்டுவிட்டு டாக்கின் முகப்பைப் பாருங்கள், 44.1 என்று எரிந்தால் க்ஷேமம். 48 என்று எரிந்தால் சர்வர் விரலை விட்டிருக்கிறார்.

இனி, 24 பிட், 96, 192 என்றெல்லாம் விலைகூறப்படும் உயர்நுட்பப் பதிவுகளின் விவகாரம். இதில் கட்சிச் சண்டை மிகுதி. 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்நுட்பப் பதிவொன்றை நேராகவும், அதையே சிடியின் 16 பிட், 44.1 என்ற குறுகிய வாசல் வழியே புகுத்தியெடுத்தும் ஒலிக்கவைத்து, எது எதுவென்று கேட்போரைச் சொல்லச் சொன்னார்கள். 554 தடவைகளில் சரியாகச் சொன்னவை 276, அதாவது காசைச் சுண்டிப் போட்டால் கிடைக்கும் பாதி. லண்டனில் ஜாஷுவா ரீஸ் 2016-இல், அதுவரை நடந்த 18 பரிசோதனைகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபொழுது, சரியான விடைகள் 52.3 விழுக்காடு என்று வந்தது. பேதம் இருக்கிறது என்று வாதிக்கவும், இருந்தும் பிரயோஜனமில்லை என்று வாதிக்கவும் அந்த 2.3 இடங்கொடுக்கிறது. எனது அபிப்பிராயத்தில், அந்த இரண்டே கால் விழுக்காட்டுக்காக சர்வரின் விலையை இரட்டிப்பாக்கிக்கொள்வது வீண்செலவு.

கடைகளில் காட்டப்படும் பேதமோ வேறு ரகம். ஒருமுறை ஒரு கடையில் விலை குறைந்த சர்வரையும் கூடியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். கூடியது உண்மையாகவே உயிரோட்டமுள்ளதாகத்தான் கேட்டது. செல்போனிலுள்ள ஒலிமானியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு முறை போடச் சொன்னேன். கூடியது ஒரு டெசிபலுக்கு மேல் உரத்து ஒலித்தது. அவ்வளவு சிறிய உயர்வைக் காது 'சத்தம் கூடியிருக்கிறது' என்று உணர்வதில்லை. 'தெளிவு கூடியிருக்கிறது' என்றே உணர்கிறது. விற்பனையாளர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவரும் நம்பியே விற்றுக்கொண்டிருந்தார்.

சர்வருக்கு மெய்யாகவே பலம் தேவைப்படும் வேலை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. பதினைந்து அடி நீளமுள்ள அறையில், இரு சுவர்களுக்கிடையே சுமார் 38 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் அலை நின்று ஆடும். அதன் மடங்குகளும் கூடவே ஆடும். மந்தர ஸ்வரங்கள் சில மூலையில் பூதாகாரமாகவும், அறையின் நடுவே இல்லவே இல்லாமலும் போவதற்குக் காரணம் இதுவே. மைக் ஒன்றை நாற்காலியில் காது இருக்குமிடத்தில் நிறுத்தி அறையின் குணதோஷங்களை அளந்து, அதற்கு மாற்றான கணக்கை ஒவ்வொரு மாதிரியிலும் செய்து, மிகையைத் தணித்து அனுப்ப சர்வரால் முடியும். இக்கணக்குக் கனமானது, இதற்கு நல்ல ப்ராஸஸர் வேண்டும். இதனால் விளையும் பேதத்தை உணர இசைஞானம் வேண்டியதில்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள்கூடக் கண்டுகொள்வார்கள். அதற்கும் முன்னதாக, தடித்த ஜமக்காளம் ஒன்றும் ஜன்னலுக்குக் கனத்த திரையும் வாங்கிப் போட்டால், எதிரொலி அடங்குவதில் பாதி வேலை முடிந்துவிடும். இவற்றை எந்தக் கடைக்காரரும் தாமாகச் சிபாரிசு செய்யமாட்டார்.

ஒரு டெராபைட் இடத்தில் ஃப்ளாக் கோப்புகளாக 2,500 மணி நேரத்துக்கு மேல் இசை அடங்கும். தினம் இரண்டு மணி வீதம் கேட்டாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இத்தனை பெரிய சமுத்திரத்தில் வேண்டிய முத்தை எடுப்பதெப்படி என்பதுதான், என் அனுபவத்தில், சர்வரைப் பற்றிய கேள்விகளுள் முதன்மையானது. நாள்தோறும் நம்மை வாட்டுவதும் அதுவே. மேல்நாட்டார் வகுத்த மென்பொருள்களுக்குப் பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று அறைகளே இயல்பாகத் தெரியும். நமக்கோ ராகம் வேண்டும், தாளம் வேண்டும், வாக்கேயக்காரர் வேண்டும், வயலின் யார், மிருதங்கம் யார் என்பதும் வேண்டும். நல்லவேளையாக, ஃப்ளாக் கோப்பின் குறிப்பேட்டில் நாம் விரும்பிய பெயரில் எத்தனை அறைகளையும் திறந்துகொள்ளலாம், தமிழ் எழுத்திலேயே நிரப்பவும் செய்யலாம். 'ராகம்' என்றொரு அறையைத் திறந்து 'தோடி' என்று எழுதிவைத்தால், அதைக்கொண்டு தேடிக் கொடுக்கும் திறமை உங்கள் மென்பொருளுக்கு இருக்கிறதா என்பதை வாங்குமுன் சோதித்துக்கொள்ளவேண்டும். ஆங்கில எழுத்தில் வரும் சிடிக் குறிப்புகளை அப்படியே ஏற்றுக்கொண்டால், 'த' எழுதும் முறையொன்றினாலேயே தியாகராஜர் மூன்று பேராகிவிடுவார். என்னுடைய நூலகத்தில் அவர் நால்வராக இருந்ததை ஒருவராக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

இடைவெளியில்லாமல் பாடுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். நம் சிடிக்களில் ஆலாபனையை ஒரு துண்டாகவும், கீர்த்தனையை மறு துண்டாகவும், தனி ஆவர்த்தனத்தை இன்னொன்றாகவும் வெட்டி வைத்திருப்பார்கள். சில சர்வர்கள் துண்டுக்குத் துண்டு அரை வினாடி மூச்சு வாங்கும். கல்யாணியின் கடைசிக் கார்வை முடியுமுன் தம்பூரா திடீரென்று வாயடைத்து மறுபடி தொடங்குவதைக் கேட்டவர், அந்த சர்வரை அன்றே திருப்பியனுப்பியிருப்பார்.

கம்பெனிகள் சாசுவதமல்ல என்பதையும் மறக்கலாகாது. ஸ்லிம் டிவைசஸின் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்னும் பெட்டியை 2006-இல் லாஜிடெக் வாங்கி, 2012-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் சர்வர் மென்பொருளின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்ததாக இருந்தமையால், லிரியன் என்ற புதிய பெயரில் ஆர்வலர்கள் அதை இன்றளவும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, 2014-இல் ஆரவாரத்துடன் புறப்பட்ட எம்க்யூஏ என்ற பூட்டுப்போட்ட கோப்புமுறையின் கம்பெனி 2023-இல் நொடித்துப்போய்ப் பிறர் கைக்கு மாறியது. அதை ஏந்திப் பிடித்த, இணையம் வழியே இசை வழங்கும் டைடல் நிறுவனமே மறு ஆண்டில் அதைக் கைவிட்டு ஃப்ளாக்குக்குத் திரும்பிற்று. பெட்டி எதுவாயினும், உள்ளிருக்கும் கோப்பு திறந்த முறையில் இருந்தால், நாளைக்கு வேறு பெட்டிக்குக் குடிபெயரலாம்.

கடைசியாக என் நஷ்டக்கணக்கு. காலஞ்சென்ற என் பெரியப்பா, சபாக் கச்சேரிகளை அனுமதி பெற்றுக் கேஸட்டில் பதிந்து வைத்திருந்தார். அவற்றில் நாற்பதையாவது நான் பொறுமையாகக் கோப்புகளாக்கி, என் சர்வரில் இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் சேர்த்தேன். கேஸட்டுகள் பூஞ்சை பிடித்துவிட்டன என்று தூரவும் போட்டேன். ஒரு நாள் காலை, டிஸ்க்கிலிருந்து பல்லி கத்துவதுபோல் 'டிக், டிக்' என்று ஒலி வந்தது. மாலைக்குள் அது பேசாமற்போயிற்று. மீட்டுத் தருவதாகச் சொன்னவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, ஒரு மாதம் கழித்து, காலி டிஸ்க்கைத் திருப்பித் தந்தார். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே சமயத்தில் எழுதும் 'ரெய்டு' ஏற்பாடு இருந்தால் தப்பியிருக்குமே என்பார்கள். தப்பியிருக்கும், டிஸ்க் பழுதுக்கு மட்டும். தவறி அழித்தால் அது இரண்டிலும் அழிக்கும். இடி இறங்கினால் இரண்டும் ஒன்றாகவே கருகும். கடையில் வாங்கிய சிடியை மறுபடி வாங்கலாம். 1983-ஆம் வருஷத்து மார்கழிக் கச்சேரியை எந்தக் கடையில் வாங்குவது? ஆகையால் அன்பர்களே, சர்வர் வாங்கும் அன்றைக்கே அதே அளவில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்குங்கள். எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி எடுத்து, மின்சாரத்திலிருந்து பிடுங்கி, தங்கை வீட்டு அலமாரியிலோ சிநேகிதர் வீட்டுப் பீரோவிலோ கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள்.